எண்பத்திரண்டு கிலோ கூடுதல்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் முழங்கால் வலி இல்லாமலும் மனக்கலக்கம் இல்லாமலும் இருக்க வேண்டுகிறேன். இரண்டாவது வேண்டுதல் இந்தக் கடிதத்தைப் படிக்க ஆரம்பிக்கும்வரைதான் பலிக்கும் என்பதால், முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். போன தடவை என் வயிற்றுக் கோளாறைப் பற்றி உங்களிடம் அந்தரங்கமாகச் சொன்னது, உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் காதில் விழுந்து, அவர் எனக்கு மருந்து சொல்லி அனுப்பினார். மருந்து நல்ல மருந்துதான், கேட்டது. ஆனாலும் ஒரு மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளும் என் மகனும் வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மலைக்குக் குடிபோகிறார்கள். அங்குள்ள கால்நடை மருத்துவமனைக்கு அவளை மாற்றியிருப்பது உங்களுக்குத் தெரியும். எந்த வண்டியில் போகிறார்கள் என்பது தெரியாது. அவளுடைய ஜீப்பில்தான், ஆனால் அது இப்போது அந்த ஜீப் இல்லை. உங்கள் மகள் அதிலிருந்த பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு ரொட்டி வேனின் டீசல் என்ஜினை அதற்குள் திணித்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை அவர்கள் அதில் ஏறக்கூடாது. தடுக்க உங்கள் ஒருவரால்தான் முடியும். அப்பா சொன்னால் அவள் தட்டமாட்டாள். நான் சொன்னால் “சரி மாமா” என்பாள். அவளுடைய “சரி மாமா”வுக்கு என்ன பொருள் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று: காதில் விழுந்தது, செய்யப்போவதில்லை என்று பொருள். (கோபம் வரும் இடங்களில் ‘உங்கள் மகள்’ என்றும், மற்ற இடங்களில் ‘என் மருமகள்’ என்றும் எழுதுகிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.)

எல்லாம் ஆற்றில் ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அக்கரையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தது. என் மருமகள் ஜீப்பை ஆற்றில் இறக்கினாள். நட்டாற்றில் என்ஜின் நின்றுவிட்டது. அவள் மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தே அக்கரை போய், கன்றை வெளியே எடுத்து, தாயையும் பிள்ளையையும் நல்லபடியாகப் பிரித்துவிட்டு, மறுபடி நடந்து திரும்பி வந்தால், ஜீப்பின் கூரையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்ததாம். ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தவள் துண்டைக்கூட எடுக்கவில்லை. “பெட்ரோல் என்ஜினுக்கு நெருப்புப் பொறி வேணும் மாமா. தண்ணி பட்டா பொறி வராது. டீசலுக்குப் பொறியே தேவையில்ல. காத்த அமுக்குற சூட்டுலயே எரிஞ்சுடும். காத்து இழுக்குற குழாய மட்டும் மேல தூக்கி வச்சுட்டா, ஆத்துக்குள்ளயே ஓட்டலாம்” என்றாள். பாலம் என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்களே என்றேன். “பாலம் பதினெட்டு கிலோமீட்டர் சுத்து மாமா. மாடு காத்திருக்காது” என்றாள். என் மகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “அவ சொல்றது சரிதாம்பா” என்றான். அவன் வேலை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், மலையானாலும் மடுவானாலும் அவனுக்கு ஒன்றுதான்.

டீசல் என்ஜின் என்றதும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் அளவுக்கு ஏதோ வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு லாரியில். அதோடு ஒரு மெக்கானிக்கும் வந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஊரில் எல்லோரும் அவரை ‘பாத்துக்கலாம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதற்கான காரணம் எனக்குப் பத்தே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. “ஷெட்டு உத்தரத்துல சங்கிலி மாட்டித் தூக்குறீங்களே, உத்தரம் தாங்குமா?” என்று கேட்டேன். “பாத்துக்கலாம்.” “சங்கிலி அறுந்துட்டா?” “பாத்துக்கலாம்.” அறுந்த பிறகு அங்கே பார்க்க என்ன மிச்சம் இருக்கும் சம்பந்தி? அவர் காலா, என் காலா? என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். உள்ளே போய் என் தொங்கு தராசை எடுத்து வந்து, சங்கிலிக்கும் என்ஜினுக்கும் நடுவில் மாட்டச் சொன்னேன். புதியது முந்நூற்று நாற்பத்தாறு கிலோ. கழற்றிய பழையது நூற்று எண்பத்தெட்டு. வித்தியாசம் நூற்று ஐம்பத்தெட்டு. அதாவது நீங்களும் நானும் கைகோத்துக்கொண்டு எந்நேரமும் அந்த ஜீப்பின் மூக்கில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நான் எண்பத்திரண்டு, நீங்கள் எழுபத்தாறு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கல்யாணத்தன்று கட்டிப்பிடித்தபோதே தெரியும்.

பழைய என்ஜின் இப்போது எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் வந்தால் படுக்கிற அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், போர்வை போர்த்திக்கொண்டு இருக்கிறது. “மழையில நனையக் கூடாதுல்ல மாமா” என்றாள் உங்கள் மகள்.

புதியது உள்ளே போக மாட்டேன் என்றது. இறக்கினால், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற கிண்ணம் முன் அச்சில் இடித்தது. தூக்கினால் பானெட் மூடவில்லை. பானெட் மூடாத வண்டியை யாராவது என்ன செய்வார்கள்? வேறு வண்டி பார்ப்பார்கள். இவர்கள் பானெட்டில் ஓட்டை போட்டார்கள். ஓட்டைக்கு மேல் ஒரு மூடி வேண்டும் என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் என் தண்ணீர் டிரம்மின் மூடியைக் கவிழ்த்து வைத்து ஆணி முடுக்கிவிட்டார் பாத்துக்கலாம். இப்போது தண்ணீர் டிரம் திறந்து கிடக்கிறது, ஜீப் மூடியிருக்கிறது. அதன் பிறகு என்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் இணைக்க நடுவில் ஒரு இரும்புத் தகடு வேண்டியிருந்தது. லேத் பட்டறையில் கடைந்து வந்த தகட்டில் ஒரு துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. கண்டுபிடித்தவன் நான்தான். வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்கிறவன் எதற்காக அளவுகோலோடு போய் நின்றாய் என்று நீங்கள் கேட்கலாம். தப்பான அளவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் உடம்பு ஒத்துக்கொள்ளாது சம்பந்தி, அது ஒரு வியாதி.

முதல் தடவை ஸ்டார்ட் செய்த அன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. என் மருமகள் கையெல்லாம் கிரீஸ். என் மகன் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தான். “மாமா, சாவியக் கொஞ்சம் திருப்புங்க” என்றாள். திருப்பினேன். பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் தாமாக நடந்து ஓரத்துக்கு வந்தன, இரண்டு குதித்தும்விட்டன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சட்டென்று சாவியை உருவிவிட்டேன். வண்டி நிற்கவில்லை! சாவி என் கையில் இருக்கிறது, “நிறுத்திட்டேன்! நிறுத்திட்டேன்!” என்று நான் கத்துகிறேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. “மாமா, இந்த மாதிரி பழைய டீசலுக்குச் சாவி ஸ்டார்ட் பண்ண மட்டும்தான்! நிறுத்த ஒரு கம்பிய இழுக்கணும்!” என்று கத்தினாள். “அந்தக் கம்பி எங்கம்மா?” “இன்னும் மாட்டல!” அப்போது பாத்துக்கலாம் அவசரமே படாமல் நடந்து போய், ஷெட் அலமாரியில் இருந்த, நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்த மரக் கேடயத்தை எடுத்து வந்து, என்ஜின் காற்று இழுக்கிற வாயில் அடைத்துப் பிடித்தார். இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. முப்பத்தொரு வருஷ சேவைக்குக் கிடைத்த கேடயம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றுக்குப் பயன்பட்டது.

இதுவரை எழுதியது எல்லாம் சில்லறைக் கவலை. இனிமேல்தான் பெருங்கவலை. இந்த இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் கனம் தாங்காமல் ஜீப் மூக்குக் குப்புற நின்றது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகளைப் புதிதாக, சரியான கனத்துக்குத் தகுந்தாற்போல் செய்து மாட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கண்ணால் பார்த்துச் செய்துவிடலாம் என்றார் பாத்துக்கலாம். என் பிணத்தைத் தாண்டித்தான் என்றேன் நான். எடை என்பது என் துறை. முன் சக்கரத்தில் எவ்வளவு, பின் சக்கரத்தில் எவ்வளவு என்று எடை மேடையில் ஏற்றித் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதுவும் வெறும் வண்டியாக இல்லை, கிளம்பும் நாளில் என்னென்ன சாமான் போகுமோ அத்தனையையும் ஏற்றி, ஓட்டுகிறவளும் பக்கத்தில் உட்காருகிறவனும் அவரவர் இடத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். மருந்துப் பெட்டிகள், பாத்திரங்கள், புத்தகங்கள், துணிமணிகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒவ்வொன்றாக எடை போட்டு நோட்டில் குறித்தேன். பிறகு எல்லோருமாகக் கல் குவாரி எடை மேடைக்குப் போனோம். எனக்குப் பின் சீட்டில், பெட்டிகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. அங்கே இருந்தபடியே “முன்னாடி வா, நிறுத்து, கொஞ்சம் பின்னாடி” என்று ஆணையிட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த எடை மேடைக்காரர் மைக்கில் எண்களைச் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த எண்களை வைத்துத்தான் ஸ்பிரிங் பட்டறையில் பட்டைகளை அடித்தார்கள். நேற்று மாட்டியாயிற்று.

மாட்டிப் பார்த்தால், எல்லாச் சாமானும் ஏற்றியும் வண்டியின் பின்பக்கம் நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கிறது. “பட்டை புதுசு மாமா, ஓட ஓட சரியாயிடும்” என்றாள் என் மருமகள். பாத்துக்கலாம் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. இன்று காலை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் வண்டியின் எடையோடு அவர்கள் இருவரையும் சேர்த்து, பெட்டி பெட்டியாகக் கூட்டினேன். எடை மேடை சொன்ன எண்ணுக்கும் என் கூட்டலுக்கும் எண்பத்திரண்டு கிலோ இடித்தது. ஏதோ ஒரு பெட்டியைக் குறிக்காமல் விட்டுவிட்டேன் என்று வீடு முழுக்கத் தேடினேன். எண்பத்திரண்டு கிலோ பெட்டி சம்பந்தி! கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். கிடைக்கவில்லை. வேர்த்துப்போய், முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்து நிமிர்ந்தால், கண்ணாடியில் அந்தப் பெட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் இறங்கவில்லை. எடை மேடையில் நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் “ஆள் இறங்கு! ஆள் இறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்தி, டிரைவர்களை இறக்கி, கிளீனர்களை இறக்கி, ஒரு தடவை ஓர் ஆட்டையும் இறக்கியவன், பெட்டிகளுக்கு நடுவில் சட்டமாக உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நான் போகாத வண்டிக்கு என்னையும் சேர்த்து ஸ்பிரிங் போட்டாயிற்று. முன்பக்கம் கனம், பின்பக்கம் தூக்கல். மலை இறக்கத்தில் அவள் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்குமா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தப்பு எங்கே என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வண்டி மறுபடி பட்டறைக்குப் போகும், பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போகும், இரண்டு வாரம் இந்த வீட்டு மேஜையில் மூன்று தட்டு இருக்கும் என்று ஒரு சந்தோஷம். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் பெண் வந்த பிறகுதான் வீட்டில் சத்தம் என்று ஒன்று திரும்பி வந்தது. மாட்டுச் சாணி பூட்ஸோடு உள்ளே வருவாள், “மாமா, இன்னிக்கு ரெட்டைக் கன்னு!” என்பாள். “மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாக்குறோம் மாமா” என்று இப்போது சொல்கிறாள். நான் சரி என்றேன். நான் சொன்ன ‘சரி’யும் அவள் சொல்கிற ‘சரி’ போலத்தான் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. அந்தச் சந்தோஷம் வந்த அடுத்த நொடியே எனக்கு என்மேலேயே வெறுப்பாகிவிட்டது. பிள்ளைகள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேனே!

நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நாலு தடவை ஷெட் வாசல்வரை போய்விட்டேன். வாய் வரவில்லை. எடை விஷயத்தில் மாமா சொன்னால் வேதவாக்கு என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பாத்துக்கலாம் கேட்டால் சிரிப்பார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை. ஆகவே நீங்கள்தான் இந்த உபகாரத்தைச் செய்ய வேண்டும். கடிதம் திங்கட்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். உடனே அவளைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு ஏனோ மனசு சரியில்லை, பின் ஸ்பிரிங்கை மறுபடி ஒருமுறை எடை பார்த்துச் செய், அதுவரை கிளம்பாதே என்று மட்டும் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுச் சின்னவளுக்கு என் ஆசிகள், அவள் எந்த வண்டியையும் திறந்து பார்க்காமல் நன்றாகப் படிக்கட்டும். பெயின்ட் அடித்தவரை மறுபடி பார்த்தால், மருந்துக்கு நன்றி சொன்னேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
வேறு எது குறைந்தாலும் கவலைக்குக் குறைவில்லாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இது சனிக்கிழமை காலை எழுதுவது. கடிதத்தை உறையில் போட்டு, தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். ஷெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மருமகள் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாள், என் செருப்பைப் பார்த்துவிட்டாள். “மாமா, அந்தப் பதிமூணு ஸ்பேனர எடுங்க” என்றாள். குனிந்து கொடுத்தேன். முகம் தெரியாத தைரியத்தில் வாயைத் திறந்துவிட்டேன். “அம்மா, அன்னிக்கு எடை மேடையில நான் எறங்கலம்மா” என்றேன். ஸ்பேனர் சுற்றுவது நிற்கவில்லை. “தெரியும் மாமா” என்றாள். “கண்ணாடியில பாத்துட்டேதான் இருந்தேன். காசு கட்டப் போனப்ப எடை மேடைக்காரரே, பின்னாடி ஒரு பெரியவர் உக்காந்திருக்காரேன்னு கேட்டாரு. இருக்கட்டும்னேன்.” “ஏம்மா, என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்றேன். “சொன்னா எறங்கிடுவீங்களே மாமா. அப்புறம் எடை தப்பா வந்திருக்கும்.”

நான் அங்கேயே டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன் சம்பந்தி. முன்கூட்டியே கேட்டிருந்தால் வரமாட்டேன் என்பதற்கு நான் பன்னிரண்டு காரணம் அடுக்கியிருப்பேனாம், அதனால் எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம். பன்னிரண்டு இல்லை, எனக்கு உடனே பதினான்கு தோன்றியது, ஒன்றையும் சொல்லவில்லை. என் மகன் வந்து, “அப்பா, உன் கம்பளிச் சட்டையெல்லாம் அஞ்சாவது பெட்டியில இருக்கு” என்றான். அந்தப் பெட்டி பதினான்கு கிலோ அறுநூறு கிராம், நானே எடை போட்டு நானே எழுதியது. ஒரு மணல் மூட்டையைப் பின்னால் போட்டாலும் வண்டி சமமாக நிற்கும், பெரியவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று பாத்துக்கலாம் யோசனை சொன்னார். அந்த மனிதரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. “மணல் மூட்டை அளவு பாத்துச் சொல்லாதுண்ணே” என்றாள் என் மருமகள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரொட்டி வேன் சமாச்சாரம் எப்படியாவது உங்கள் காதுக்கு வந்துவிடும், வந்ததும் நீங்கள் பதறிப்போய் அவளுக்குப் போன் போடுவீர்கள், அப்பா சொன்னால் அவள் தட்டமாட்டாள். இப்போது என் பெருங்கவலை அதுதான். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், வியாழக்கிழமை காலை ஏழு மணிவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். வண்டி ஆபத்தானதுதான், அதில் எனக்கு இன்னமும் சந்தேகமில்லை. நான் ஏறி உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.